சந்தனத்துக்கு ஜாதகம் எழுதுற பேராண்டிக்கு

பேராண்டி, உனக்கு ஆராய்ச்சிப் படிப்புக்கு எடம் கெடச்சிடுச்சுன்னு உங்க ஆயா தெரு முழுக்கச் சொல்லிட்டு வந்துட்டா. சந்தோசம்டா. இந்தப் பக்கத்துல சொல்தாவா, பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரனா, பிரான்சுக்குப் போனவன் இருக்கான், கொத்து வேலைக்குத் துபாய் போனவன் இருக்கான். அரிய செடியோட ஜீனோமைப் படிக்கப் போறவன்னா குருவிநத்தத்துல நீ ஒருத்தன்தான். ஜீனோம்னா இன்னாடான்னு ஆயா என்னைக் கேட்டா. மரத்துக்கு ஜாதகம் எழுதுறதுடின்னு சொல்லி வச்சேன். அவளுக்குச் சட்டுனு புரிஞ்சிடுச்சு. உடனே திருப்பிக் கேட்டா பாரு: “ஜாதகம் இருக்கட்டும், வீட்டு ஆளுங்களை விசாரிச்சானா?” உன் படிப்பையும் என் வயசையும் சேத்து ஒரே கேள்வியில மடக்கிட்டா. அதுக்குப் பதில் சொல்லத்தான் உன்னைப் புடிச்சு ஒக்கார வச்சிருக்கேன். போனை அந்தாண்ட வை.

மொதல்ல உன் பெருமையைப் பேசிடுவோம், இல்லாட்டி மூஞ்சியைத் தூக்கிக்குவே. சந்தன மரத்தோட ஜீனோமை பெங்களூர்க்காரங்க படிச்சு 2018-ல வெளியிட்டாங்கன்னு நீதானே சொன்னே? ஏறக்கொறைய 22 கோடி எழுத்து. ஏ, டி, ஜி, சின்னு நாலே எழுத்தை வச்சுக்கினு அவ்வளவு தூரம் எழுதியிருக்குது அந்த மரம். அதுல 38,119 ஜீன் இருக்குதுன்னு எண்ணி எடுத்திருக்காங்க. மனுசனுக்கு எவ்வளவுடான்னு கேட்டேன். சுமார் இருபதாயிரம்னு சொல்லிட்டுத் தலையைக் குனிஞ்சிக்கினே. நெல்லு மட்டும் இன்னா சும்மாவா? 2005-ல பல நாட்டுக்காரங்க சேந்து, நம்ம இந்தியாக்காரங்களும் ஒரு பங்கு போட்டு, நெல்லோட ஜீனோமைப் படிச்சு முடிச்சப்ப முப்பத்தேழாயிரத்துக்கு மேல ஜீன் வந்துச்சு. நடவு வயல்ல நெல்லை மிதிச்சிக்கினு வரப்புல கால் மேல கால் போட்டு ஒக்காந்திருக்கோமே, இதுல யாரு பெரியவன்னு கொஞ்சம் யோசி.

இன்னொண்ணும் சொன்னே, அது எனக்கு ரொம்பப் புடிச்சிருந்துச்சு. பசிபிக் கடல்ல நியூ கலிடோனியான்னு ஒரு தீவு, இன்னமும் பிரெஞ்சுக்காரன் கையில இருக்குது. அங்க ஒரு குட்டிப் பெரணிச் செடி, சாண் உயரம் கூட வராது. அதோட ஜீனோம்ல பதினாறாயிரம் கோடி எழுத்து, மனுசனுக்கு இருக்கறதுல அம்பது மடங்குன்னு 2024-ல கண்டுபுடிச்சிருக்காங்க. அவ்வளவு எழுதி வச்சுக்கினு அது இன்னா கிழிச்சுதுன்னு கேட்டா, ஒண்ணும் இல்ல, தரையிலயும் மரத்து மேலயும் தொத்திக்கினு கெடக்குது. நெறைய எழுதிட்டா பெரிய ஆளுன்னு அர்த்தம் இல்லடா. ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுறப்ப இதை ஞாபகத்துல வச்சுக்கோ.

சரி, ஜாதகம் எழுதுறே. எப்படி எழுதுறேன்னு நான் பாத்தேனே! போன தடவை வந்தப்ப, தென்பெண்ணைக் கரையோரம் நிக்குதே அந்தச் சந்தனக் கன்னு, அதுல ரெண்டு கொழுந்து எலையைக் கிள்ளுனே. கண்ணாடி மாதிரி மணி மணியா இருக்கற சிலிக்கா டப்பாவுல போட்டு மூடுனே. லேப்புக்குப் போயி, பொகையா வருமே அந்தத் திரவ நைட்ரஜனை ஊத்தி, பீங்கான் கிண்ணத்துல மாவா அரைப்பே. சோப்பு மாதிரி ஒரு தண்ணி, குளோரோபார்ம், கடைசியா ஆல்ககால். குழாயில வெள்ளையா நூல் நூலா ஒண்ணு மெதக்கும், அதான் டி.என்.ஏ. வீடியோ எடுத்து அனுப்பினியே, உங்க ஆயா இடியாப்பம்னு நெனச்சுக்கினா. எல்லாம் சரி. ஆனா எலையைக் கிள்ளினப்ப கால்ல ஒட்டுன மண்ணை என்ன பண்ணே? வரப்புக் கல்லுல தேச்சுத் தேச்சு எடுத்துட்டு, செருப்பைத் தட்டி மாட்டிக்கினு போயிட்டே. அங்கதான்டா நீ விசாரிக்காம விட்ட வீட்டு ஆளுங்க மொத்தப் பேரும் இருக்காங்க.

உன் லேப்பு வேணாம், நம்ம கொல்லைக்கே வா. நெலக்கடலைச் செடி ஒண்ணை ஈரத்தோட பதமாப் புடுங்கு. வெடுக்குனு இழுத்தா அறுந்துடும், அதுலதான் இருக்குது சூட்சுமம். வேருல குண்டூசித் தலை அளவுல முடிச்சு முடிச்சா இருக்கும். ஒண்ணை எடுத்து நகத்தால நசுக்கு. உள்ள ரத்தச் செவப்பா இருந்துச்சுன்னா வேலை நடக்குது. வெள்ளையாவோ பச்சையாவோ இருந்தா உள்ள இருக்கறவன் சும்மா சாப்புட்டுக்கினு படுத்திருக்கான். ரைசோபியம்னு பேரு. காத்துல இருக்கற தழைச்சத்தைப் புடிச்சு செடிக்குக் குடுக்கறவன். 1888-லயே பெய்யரிங்குன்னு ஒரு டச்சுக்காரர் அவனைத் தனியாப் பிரிச்சு எடுத்துட்டாரு. அந்தச் செவப்பு இருக்குதே, நம்ம ரத்தத்துல இருக்கற ஹீமோகுளோபினுக்கு அது பங்காளி. கடலைச் செடிக்கும் நமக்கும் ரத்த சம்பந்தம் இருக்குதுன்னா ஊர்ல எவனும் நம்ப மாட்டான். கடன்காரன் வந்தா சொல்லிப் பாரு, ஒரு வேளை எறங்கி வருவான்.

அடுத்தது சவுக்கு. கடலூர்ல இருந்து மரக்காணம் வரைக்கும் மணல் கொல்லையில சவுக்கு போட்டுத்தான் எத்தனையோ வீட்டுல கல்யாணச் செலவு நடந்திருக்குது. வெள்ளைக்காரன் காலத்துல ரயிலு எஞ்சினுக்கு வெறகு வேணும்னு இந்தக் கரையில நட்டு வளத்த மரம் அது. தழைச்சத்தே இல்லாத வெறும் மணல்ல எப்படி இப்படி நெடுநெடுன்னு போவுதுன்னு நீ யோசிச்சியா? வேரைத் தோண்டிப் பாத்தா பவளம் மாதிரி கொத்துக் கொத்தா ஒரு முண்டு இருக்கும், பழைய மரத்துல கைப்புடி அளவுக்குக் கூட வரும். அதுல இருந்து சின்னச் சின்ன வேரு மேல்நோக்கி வளரும். வேருன்னா கீழ போவணும்னு ஒரு சட்டம் இருக்குதுல்ல, அதை மீறி, உள்ள இருக்கறவனுக்குக் காத்து வேணும்னு மேல போவுது. உள்ள குடியிருக்கறவன் பேரு பிராங்கியா. 1978-லதான் ஒரு அமெரிக்கச் செடியோட வேருல இருந்து அவனைத் தனியா வளக்க முடிஞ்சுதாம். அதுக்கு முந்தியே நம்ம ஆளு, புது நாத்தங்கால் போடுறப்ப பழைய சவுக்குத் தோப்பு மண்ணை ரெண்டு கூடை அள்ளியாந்து தூவிட்டுத்தான் வெதையைப் போட்டான். ஏன்டான்னா ‘அப்பன் போட்டாரு, நானும் போடுறேன்’னு சொல்லுவான். இப்ப கோயம்புத்தூர்ல இருக்கற வன மரபியல் நிறுவனத்துல சவுக்குக்கு நல்ல ஒட்டு ரகமும் தர்றாங்க, பிராங்கியாவையும் தனியா வளக்கறாங்க. நம்ம கூடை மண்ணுக்குத்தான் யாரும் டாக்டர் பட்டம் குடுக்கல.

உன் ஜாதகப் படிப்பை நான் மட்டம் தட்டறேன்னு நெனைக்காத. அந்தப் பிராங்கியாவோட ஜீனோமை 2007-ல பிரெஞ்சுக்காரங்களும் அமெரிக்காக்காரங்களும் சேந்து படிச்சாங்க. மூணு வகையை எடுத்துக்கினாங்க. சவுக்குக் குடும்பத்தை விட்டா வேற எங்கயும் பெருசா அண்டாதவனுக்கு 54 லட்சம் எழுத்து. நடுவாந்திரமா நாலஞ்சு எடம் பழகினவனுக்கு 75 லட்சம். கண்ட கண்ட செடியோட ஒட்டிக்கற ஊரு சுத்திக்கு 90 லட்சம். பாத்தியா? ஒரே வீட்டுல மாப்பிள்ளையா ஒக்காந்துட்டவன் தேவையில்லாத சாமானையெல்லாம் தூக்கிப் போட்டுட்டான். இதை நாத்தங்கால்ல கூடை தூக்கிக்கினு நின்ன என்னால எப்பவும் கண்டுபுடிச்சிருக்க முடியாது. அதுக்கு உன் மெசினுதான் வேணும். ஒத்துக்கறேன். ஆனா அப்படிச் சொந்த எழுத்தைத் தொலைச்சவன் இன்னொருத்தர் தயவு இல்லாம நகர முடியாதுங்கறதையும் சேத்துப் படி.

இப்ப சந்தனத்துக்கு வருவோம். இதோட ஜாதகத்துல ஒரு பெரிய தோசம் இருக்குது, சொல்லவா? மரம் பாக்கறதுக்குப் பவ்யமா, மெல்லிசா, சாமி மரமா இருக்கும். மண்ணுக்குக் கீழ அது செய்யற வேலை திருட்டு. அதோட வேரு பக்கத்து வேரைத் தேடிப் போவும். தொட்ட எடத்துல வட்டமா ஒரு தட்டு மாதிரி ஒட்டிக்கினு, உள்ள துளைச்சு, தண்ணியையும் உப்புச் சத்தையும் உறிஞ்சிக்கும். எலை பச்சையா இருக்கறதால சோத்தை அது தானே பொங்கிக்கும், கொழம்பு மட்டும் பக்கத்து வீட்டுல. அதனாலதான் நர்சரியில சந்தனக் கன்னு பக்கத்துலயே ஒரு தொவரைச் செடியையோ பொன்னாங்கண்ணியையோ வைக்கறாங்க. நெலத்துல நட்டப்புறம் சவுக்கு, அகத்தி, புங்கன்னு பெரிய ஆளா பாத்து வைக்கணும். இப்ப கணக்கைப் பாரு. காத்துல இருந்து பிராங்கியா புடிக்குது, அதுகிட்ட இருந்து சவுக்கு வாங்குது, சவுக்குகிட்ட இருந்து சந்தனம் திருடுது, சந்தனத்தை ராத்திரியில எவனோ திருடறான். அவனைப் புடிக்கப் போலீசு. இத்தனை பேரு கூட்டாச் சேந்து நடத்துற சமாச்சாரத்துல நீ ஒருத்தனோட எலையை மட்டும் கிள்ளிக்கினு போனா மீதிக் கதை எங்கேந்து தெரியும்?

எவனுக்குத் தெரியுதோ இல்லையோ, உர வியாபாரிக்குத் தெரிஞ்சிடுச்சு. ஒரு கடையில உயிர் உரம் பாக்கெட்டு வாங்கப் போனேன். அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா, டிரைக்கோடெர்மா எல்லாத்தையும் யூரியா மூட்டை மேல, சுரீர்னு வெயில் அடிக்கற எடத்துல அடுக்கி வச்சிருக்கான். ‘ஏம்பா, இதுல உயிர் இருக்குதா?’ன்னேன். ‘பில்லு போட்டுத் தர்றேன் தாத்தா’ன்னான். உள்ள இருக்கறதெல்லாம் உசுருள்ள ஜந்துடா. நெழல்ல, குளுமையா வைக்கணும். பூச்சி மருந்தோட, ரசாயன உரத்தோட கலக்கக் கூடாது. கெடு தேதி பாக்கணும். வெதைக்குப் போடுறப்ப ஆறின அரிசிக் கஞ்சியில கொழைச்சு, வெதை மேல பூசி, நெழல்ல ஒணத்தி, அன்னிக்கே வெதைக்கணும். வில்லியனூர் பக்கம் பிள்ளையார்குப்பத்துல எம்.எஸ். சுவாமிநாதன் ஆளுங்க தொண்ணூறுகள்ல ‘உயிரி கிராமம்’னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க, இந்த மாதிரி விசயமெல்லாம் நம்ம பொம்பளைங்களுக்கு மெதுவாச் சொல்லிக் குடுத்தாங்க. கடைக்காரனுக்கு யாரு சொல்லிக் குடுக்கறது?

அதுல ‘வேம்’னு ஒரு பாக்கெட்டு இருக்குது, வேர் உட்பூசணம். இதுதான் சமாச்சாரத்துலயே கெட்டிக்காரன். பிராங்குன்னு ஒரு ஜெர்மன்காரர் (நம்ம பிராங்கியா இவர் பேரை வச்சு வந்ததுதான்) 1885-ல வேருக்கும் பூசணத்துக்கும் இருக்கற சிநேகத்துக்கு மைக்கோரைசான்னு பேரு வச்சாரு. நிலத்துல இருக்கற செடிங்கள்ல பெரும்பாலானதுக்கு இப்படி ஒரு பூசணத் தொடர்பு இருக்குது. நாப்பது கோடி வருசத்துக்கு முந்தைய கல்லுக்குள்ள இருக்கற செடியிலயே அடையாளம் பாத்திருக்காங்க. வேருக்கு எட்டாத எடத்துக்கு மயிரிழை மாதிரி நூலை அனுப்பி மணிச்சத்தைக் கொண்டாந்து குடுக்கும். செடி பதிலுக்குச் சக்கரையும் கொழுப்பும் குடுக்கும். கொழுப்புன்னு சொன்னதை விட்டுடாத. இந்தப் பூசணத்தோட ஜீனோமைப் படிச்சப்பதான் தெரிஞ்சுது, அதுக்குச் சொந்தமாக் கொழுப்பு தயாரிக்கற ஜீனே இல்லைன்னு. செடி எண்ணெய் ஊத்தலைன்னா அது செத்துடும். அதனாலதான் தட்டுல தனியா வளக்க முடியாம, மக்காச்சோளத்தை நட்டு அதோட வேருல பெருக்கிப் பாக்கெட்டுல போடுறாங்க. நம்ம கொழுப்பு எங்கேந்து வந்துச்சுன்னு உன் ஆயாகிட்டக் கேளு, அவ சொல்லுவா.

இந்த வெள்ளக் கதையையும் சொல்லிடறேன். 2024 நவம்பர் கடைசியில பெஞ்சல் புயல் அடிச்சு, டிசம்பர் பொறந்ததும் சாத்தனூர் அணையைத் தொறந்துவிட்டு, பெண்ணையாறு பொங்கி நம்ம பாகூர் பக்கமெல்லாம் வயலும் ஆறும் ஒண்ணாச்சே, ஞாபகம் இருக்குதா? பங்காரு வாய்க்கால் எது, ரோடு எதுன்னு தெரியல. பயிரு போனதைக் கணக்கெடுக்க ஆபீசருங்க வந்தாங்க, மாடு போனதை எழுதிக்கினாங்க. மண்ணுக்குள்ள மூச்சு முட்டிப் போனவனுங்களை எவனாச்சும் எழுதினானா? அமெரிக்காவுல 1993-ல மிசிசிப்பி வெள்ளம் வந்து, நெலம் தண்ணியில ஊறிக் கெடந்துட்டு, அடுத்த வருசம் மக்காச்சோளம் போட்டா எலையெல்லாம் கத்திரிக்காய்க் கலர்ல நிக்குது. மண்ணுல மணிச்சத்து இருக்குது, ஆனா எடுத்துக் குடுக்கற பூசணம் இல்ல. அங்க அதைக் கண்டுபுடிச்சு எழுதி வச்சாங்க. இங்க நாம இன்னொரு மூட்டை டி.ஏ.பி. வாங்கினோம்.

அரிய செடிங்களுக்கு இது இன்னும் மோசம். நெல்லு ஊரு சுத்தி, எந்த மண்ணுலயும் யாரையாச்சும் சிநேகம் புடிச்சுக்கும். அரிய செடி அப்படி இல்ல. அதுக்கு ஆர்க்கிட் செடியைப் பாரு. அதோட வெதை தூசு மாதிரி, உள்ள சோறே கட்டிக் குடுக்காம அனுப்பிடும். வெதை மொளைக்கலையேன்னு ஐரோப்பாவுல எத்தனையோ தோட்டக்காரன் மண்டையை ஒடச்சிக்கினான். 1899-ல நோயல் பெர்னார்னு ஒரு பிரெஞ்சுக்காரப் பையன், பட்டாளத்துல இருந்தவன், நம்ம ஊரு சொல்தாவுக்குப் பங்காளி மொறைன்னு வேணும்னா சொல்லிக்கலாம், காட்டுல மண்ணுக்குள்ள மொளைச்சுக்கினு இருந்த ஆர்க்கிட் வெதைங்களைப் பாத்தான். எல்லா வெதையிலயும் பூசணம். பூசணம் நோவு இல்ல, அதுதான் தாய்ப்பாலுன்னு கண்டுபுடிச்சான். வெதையை மட்டும் குளிர்பெட்டியில வச்சுக்கினு ‘செடியைக் காப்பாத்திட்டேன்’னு சொல்றவனைப் பாத்தா, பெர்னார் இப்பவும் சிரிப்பான்.

புதுச்சேரியில எலையைப் பத்திரப்படுத்தற பழக்கம் பழசுடா. 1826-ல தாவரவியல் தோட்டம் போட்டாங்க. 1955-ல பிரெஞ்சு நிறுவனத்தை ஆரம்பிச்சு, அங்க காஞ்ச எலையைக் காகிதத்துல ஒட்டி ஆயிரக்கணக்குல அலமாரியில அடுக்கி வச்சிருக்காங்க. அந்தக் காஞ்ச எலையில இருந்து கூட இப்ப டி.என்.ஏ. எடுக்கலாம்னு நீயே சொன்னே. பெரிய விசயந்தான். ஆனா ஒட்டினவங்க வேரை உதறி, மண்ணைத் துடைச்சுட்டுத்தானே ஒட்டுவாங்க? அலமாரியில மாப்பிள்ளை போட்டோ இருக்குது. கூட வந்தவங்களெல்லாம் வாசலோட நின்னுட்டாங்க.

அந்தக் கூட்டத்தைக் குடும்பத்தோட பாக்கணும்னா அய்யனார்கிட்டதான் போவணும். கடற்கரையோரம் எப்பவும் பச்சையா இருக்கற வறண்ட காடுன்னு ஒண்ணு, ஒரு காலத்துல இந்தக் கரை முழுக்க இருந்ததாம். மிச்சம் இருக்கறதுல நெறைய எடத்துக்குக் காவல் வனத்துறை இல்ல, சாமிதான். புத்துப்பட்டு மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோயில் காடு, கடலூர் பக்கம் திருமாணிக்குழிக் காடுன்னு. வீரையும் காசானும் உலக்கைப்பாலையும் தோள் மேல தோள் போட்டு நிக்கும். காலாப்பட்டு யுனிவர்சிட்டியில பார்த்தசாரதின்னு ஒரு பேராசிரியரும், லாஸ்பேட்டை காஞ்சி மாமுனிவர் மையத்துல ராமானுஜமும் இந்தக் காடுங்களை மரம் மரமா எண்ணி எழுதியிருக்காங்க. சுள்ளி ஒடிச்சா அய்யனார் குதிரையில வந்து கண்ணைக் குத்திடுவாருன்னு எங்க காலத்துல பயம். பயம் போன எடத்துல எல்லாம் சிமெண்டு மண்டபம் வந்துச்சு. சாமிக்கு டைல்சு போட்டுட்டு அவரு காட்டை வெட்டினவன் எல்லாம் கல்வெட்டுல பேரோட நிக்கறான்.

ஆரோவில்காரங்க கதை வேற. 1968-ல அவங்க வந்தப்ப அந்த மேடு பொட்டல், மழை பேஞ்சா செம்மண்ணு அப்படியே கடலுக்குப் போவும். வீரையை நேரா நட்டுப் பாத்தா நிக்கல. மொதல்ல ஆஸ்திரேலியாவுல இருந்து கருவேலம் சாதியில ஒரு மரத்தைக் கொண்டாந்தாங்க. வேருல முடிச்சுப் போட்டுத் தழைச்சத்து புடிக்கற ஆளு, கூலி வேலைக்கு வந்தவன் மாதிரி வளந்து, நெழல் குடுத்து, எலை உதுத்து மண்ணைப் பதப்படுத்துனான். அப்புறம்தான் உள்ளூர் மரங்க அவன் நெழல்ல தல தூக்கிச்சு. வெளியூருக்காரனை வச்சு உள்ளூருக்காரனை வளத்தாங்க. நம்ம ஊர்ல இதைத் தலைகீழாப் பண்ணுவோம்.

இப்ப உன் படிப்புக்கு நல்ல வழி சொல்றேன். ஒரு ஸ்பூன் நல்ல மண்ணுல நூறு கோடி பாக்டீரியா வரைக்கும் இருக்கும். தட்டுல ஜெல்லி ஊத்தி வளத்தா நூத்துல ஒண்ணு வளந்தா பெருசு. மீதிப் பேரு லேப்புச் சாப்பாடு புடிக்கலைன்னு பட்டினி கெடப்பான். 1998-ல ஹேண்டல்ஸ்மன்னு ஒரு அம்மா, வளக்காமலே மண்ணுல இருக்கற டி.என்.ஏ. மொத்தத்தையும் ஒண்ணா எடுத்துப் படிக்கற வித்தைக்கு மெட்டாஜீனோமிக்ஸ்னு பேரு வச்சாங்க. அதைக் கத்துக்கோ. அய்யனார் காட்டு வீரை அடியில ஒரு புடி, அதே ஊரு கரும்புக் கொல்லையில ஒரு புடி, நட்டு நிக்காம போன எடத்துல ஒரு புடி. எது எங்க இருக்குது, எது இல்லன்னு ஒப்பிட்டுப் பாரு. மாகாளிக் கிழங்கு அழியக்கூடிய பட்டியல்ல இருக்குதுன்னு சொன்னியே, உங்க ஆயா மோர்ல ஊற வைப்பாளே, அது. கிழங்கைத் தோண்டுறப்ப செடியே போயிடுது. நட்டு வளக்கணும்னா மலைப்பாறை இடுக்குல அதோட வேருக்கு யாரு சிநேகம்னு தெரிய வேணாமா? ஊறுகாய் தீர்ந்து போறதுக்குள்ள பாத்து வை.

மண்ணு எடுக்கறதுக்கு முந்தி கேட்டுட்டு எடு. கோயில் மண்ணுன்னா பூசாரிகிட்ட, கொல்லை மண்ணுன்னா கொல்லைக்காரன்கிட்ட. 2002-ல பல்லுயிர்ச் சட்டம் வந்து, ஒவ்வொரு ஊராட்சியிலயும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு வைக்கணும்னு எழுதியிருக்குது. நம்ம கொம்யூன் பஞ்சாயத்துல அதுல எவ்வளவு எழுதியிருக்குன்னு போயிப் பாரு, எழுதலைன்னா நீயே எழுது, சும்மாத்தானே இருக்கே லீவுல. குடுத்தவனுக்குப் பங்கு வைக்கறதையும் மறந்துடாத. அகத்திய மலையில காணிப் பழங்குடிக்காரங்க 1987-ல ஆராய்ச்சிக்காரங்களைக் கூட்டிக்கினு மலையேறுறப்ப, சோர்வு வராம இருக்க ஒரு பழத்தை மென்னாங்க. அதான் ஆரோக்கியப் பச்சை. அதுல இருந்து திருவனந்தபுரம் பக்கத்துல பாலோடு தோட்டத்துக்காரங்க ‘ஜீவனி’ மருந்து பண்ணி, 1995-ல கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய பார்மசிக்கு உரிமை குடுத்து, வந்த காசுல பாதியைக் காணிகளுக்குன்னு வச்சாங்க. அதுல கசமுசாவும் இருந்துச்சு, ஆனா பாதி குடுக்கணும்னு தோணுச்சே. உன் கம்ப்யூட்டர்ல ஏத்துற எழுத்து எந்த ஊரு மண்ணுல இருந்து வந்துச்சுன்னு ஊரு பேரையாவது போடு. ‘தென்னிந்திய மாதிரி எண் 14’ன்னு போட்டுடாத.

பேச்சு வளந்துடுச்சு. பல்லவ ராஜா நிருபதுங்கன் ஒன்பதாம் நூத்தாண்டுல பாகூர் வித்யாஸ்தானத்துக்கு மூணு ஊரை எழுதிக் குடுத்த செப்பேடு இருக்குது. அந்தக் காலத்துல படிக்கறவனுக்கு ஊரையே குடுத்தான். உனக்கு ஸ்டைபண்டு வரவே நாளாவுதாம். அதனால நம்ம மேட்டுக் கொல்லையில ஒரு வேலை பாப்போம், உனக்கும் கைச்செலவுக்கு ஆவும், எனக்கும் பொழுது போவும். பழைய சவுக்குத் தோப்பு மண்ணு ரெண்டு கூடை, அதுல சவுக்கு. சவுக்கு வேர் புடிச்சப்புறம் நடுவுல சந்தனம். ஒவ்வொரு சந்தனக் கன்னு காலடியிலயும் ஒரு தொவரை. தமிழ்நாட்டுல 2002-ல இருந்து தன் நெலத்துல இருக்கற சந்தனம் நெலத்துக்காரனுக்கேன்னு ஆயிடுச்சு. ஆத்துக்கு இந்தாண்ட நம்ம புதுச்சேரி ஆபீசுல இன்னா சட்டம்னு நீ விசாரிச்சுட்டு வா, படிச்ச பிள்ளை, ஃபாரம் நெரப்பத் தெரியும்.

வாசனை கட்டுறதுக்குப் பதினஞ்சு, இருபது வருசம் ஆவும். நான் இருக்க மாட்டேன், அதனால இப்பவே காவலுக்கு ஏற்பாடு பண்ணிடு. நாய்க்குட்டி ஒண்ணு கொண்டாந்து கட்டு. அதோட எச்சிலைப் பஞ்சுல தொட்டு டப்பாவுல போட்டு லேப்புக்கு அனுப்பாத. ராத்திரி ஆளு வந்தா கொலைக்குதான்னு மட்டும் பாத்துக்கோ.